அக்காவின் குரலுக்கு எத்தனை ரேம்?

என் அக்காவின் தொண்டையில் கத்தி வைக்க டாக்டர் நாள் குறித்திருந்தார். அதற்குள் அவள் பாடுவதைப் பதிவு செய்து வைக்க வேண்டும். கையில் இருபது நாள் இருந்தது. இருபது நாளில் ஒரு மனிதன் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டித் தரைமட்டம் வரை கொண்டுவந்துவிடலாம். நானோ பாக்கெட் சீப்பு அளவுள்ள ஒரு ரேம் துண்டைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன்.

ரேம் என்றால், கம்ப்யூட்டர் வேலை பார்க்கும்போது பொருள்களைப் பரப்பி வைத்துக்கொள்ள வேண்டிய மேசை மாதிரி. மேசை சின்னதாக இருந்தால் கம்ப்யூட்டர் திணறும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் தல்லாகுளத்தில் எங்கள் தெருவில் இவ்வளவு தெரிந்தவர்கள்கூட யாரும் இல்லை என்பதால் நான் நிபுணனாகியிருந்தேன். அலுவலகத்தில் பிரிண்டரில் காகிதம் சிக்கினால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் போய்க் காகிதத்தைப் பிடித்து இழுப்பேன். அது வந்துவிடும். ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போன பலன் அது.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். இரண்டு தெரு தள்ளி வீடு. பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். அவள் வகுப்பில் ஏழாம் வாய்ப்பாடு சொன்னால் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் மனப்பாடம் செய்துவிடும், அப்படி ஒரு குரல். ஆனால் உறவுக்காரர்கள் அவளைத் தேடியது வாய்ப்பாட்டுக்காக இல்லை. எங்கள் பக்கத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் நலுங்கு வைக்கும்போது அவள் பாட வேண்டும். மாப்பிள்ளை வீட்டாரைக் கேலி செய்து பாடும் பாட்டு அது. மெட்டுதான் பழையது, வரிகளை அவள் அந்த இடத்திலேயே கட்டுவாள். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை ஒல்லி, மீசை மட்டும் பெரிது. அக்கா தாம்பாளத்தைத் தட்டிக்கொண்டே எடுத்தாள்: "மீசை மட்டும் வந்திருக்கு வாசல் வரைக்கும், மாப்பிள்ளைதான் எங்கேன்னு கேளு தோழி." மாப்பிள்ளையின் சித்தப்பாவே சிரித்துவிட்டார். அந்த மீசை மறுவீட்டு விருந்துக்கு வரும்போது இல்லை.

அந்தக் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. தைராய்டு என்றார்கள். எடுத்துத்தான் ஆக வேண்டும், குரலுக்குப் போகும் நரம்பு அதை ஒட்டியே போகிறது, பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, ஆனால் உத்தரவாதம் சொல்ல முடியாது என்றார் டாக்டர். நானும் மச்சானும் உடன் இருந்தோம். மச்சான் என்றால் அக்காவின் கணவர், கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தா. உத்தரவாதம் இல்லாத எதையும் அவருக்குப் பிடிக்காது.

"பேச முடியுமா டாக்டர்?" என்று அக்கா கேட்டாள்.

"பேசலாம்மா."

"பாட?"

டாக்டர் தன் பேனாவின் மூடியைக் கழற்றி, திரும்ப மாட்டினார். எங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அக்காவின் மகளுக்கு எழுமலைப் பக்கத்தில் மாப்பிள்ளை பார்த்து, தை மாதத்தில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். ஆபரேஷனோ ஆயுத பூஜை முடிந்த அடுத்த வாரம். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் ஆட்டோவில் அக்கா சொன்னாள்: "ஊரான் வீட்டுக் கல்யாணத்துல எல்லாம் பாடிட்டேன். எம்மக நலுங்குல எங்கொரல் இல்லைன்னா எப்பிடிடா? முன்னாடியே புடிச்சு வச்சிரு. அன்னிக்குப் போட்டு விடலாம். எழுமலைக்காரங்களுக்கு நாலு பாட்டு கட்டி வச்சிருக்கேன்."

"எங்கிட்ட விடுக்கா" என்றேன்.

மறுநாளே அவள் தன் வீட்டு டேப் ரிக்கார்டரைத் துணிப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தாள். புது கேசட்டும் வாங்கியிருந்தாள். நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது. டேப்பில் இரைச்சல் வரும், நாடா தேயும், ஒலியின் தரம் என்று ஒன்று இருக்கிறது, அது உனக்குப் புரியாது என்று விளக்கினேன். கணக்கு டீச்சர் அமைதியாகக் கேட்டுவிட்டு டேப்பைப் பைக்குள் திரும்ப வைத்தாள்.

என் கம்ப்யூட்டர் ஆறு மாதம் முன்பு பாகம் பாகமாக வாங்கிப் பூட்டியது. நூற்று இருபத்தெட்டு எம்.பி. ரேம். அதை விற்ற கடைக்காரர் ஒரு சிடியில் போட்டுக் கொடுத்த ரெக்கார்டிங் மென்பொருள், ஒரு மைக், காதை முழுதாக மூடும் ஒரு ஹெட்போன். மைக்கில் பாடுவது கம்ப்யூட்டருக்குள் போய்ப் பதிவாகும், அதே நேரத்தில் என் காதுக்கும் திரும்பி வரும். அக்காவை மர நாற்காலியில் உட்கார வைத்தேன். ஃபேனை நிறுத்தினேன். புரட்டாசி மாதத்திலும் மதுரையில் ஃபேனை நிறுத்தினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். அக்கா முந்தானையால் கழுத்தை ஒற்றிக்கொண்டு பாட ஆரம்பித்தாள். முதல் வரி போயிற்று. இரண்டாவது வரியில் என் காதில் "டிக்" என்று ஒரு சத்தம்.

"நிறுத்துக்கா."

திரும்பப் பாடினாள். திரும்ப டிக். பதிவானதைப் போட்டுக் கேட்டேன், அதிலும் டிக். காரணம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ரேம் பத்தவில்லை. எப்படித் தெரிந்தது என்றால், ஒலிப்பதிவுக்கு ரேம் தாராளமாக வேண்டும் என்று ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையில் படித்திருந்தேன். பிள்ளை அழுதால் உரம் விழுந்திருக்கிறது என்பார்களே, அந்தக் காலத்தில் கம்ப்யூட்டருக்கு எது வந்தாலும் ரேம்தான்.

கடை எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தது. கடைக்காரர் என் வயதுக்காரர், நான் அவரை அண்ணே என்பேன், அவரும் என்னை அண்ணே என்பார். வயது விஷயத்தில் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

"ரேம் கூட்டணும்ண்ணே. ரெக்கார்டிங்."

"எத்தன பேரு பாடுறாங்க?"

"ஒருத்தர். எங்கக்கா."

"வாத்தியமெல்லாம்?"

"தாம்பாளத் தட்டு."

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். "அண்ணே, ஒரு ஆளு பாடுறதுக்கு இருக்குறதே போதும்ண்ணே. வேற எங்கியோ கோளாறு இருக்கும். மிஷினக் கொண்டாங்க, பாத்துருவோம்."

வாங்க வந்தவனிடம் வாங்காதே என்று சொல்லும் கடைக்காரரை யார் நம்புவார்கள்? இவரிடம் சரக்கு இல்லை, அதை மறைக்கிறார் என்று முடிவு கட்டினேன். தவிர, என் கம்ப்யூட்டரில் என்ன கோளாறு என்று எனக்குத் தெரியாதா? முதல் வாரத்திலேயே ஒரு மனிதர் சரியான பதிலைச் சொல்லிவிட்டார். அதனால்தான் வேறொருவரிடம் கேட்கப் போனேன்.

அவர் சமயநல்லூரில் ஸ்டுடியோ வைத்திருந்தார். ஸ்டுடியோ என்றால் முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டிய ஒரு அறை. புதுக் கடை திறப்பு, கோயில் திருவிழா, தள்ளுபடி விற்பனை என்று ஆட்டோவில் கட்டிக்கொண்டு போகும் அறிவிப்புகளை அவர் தொண்டைதான் பேசும். அக்காவை அங்கேயே அழைத்துப் போகலாமே என்று ஒரு சாதாரண மனிதனுக்குத் தோன்றும். அக்காவிடம் சொல்லியும் பார்த்தேன். "கண்ணாடிக்குள்ள நின்னு வாயைத் தொறக்க நான் என்ன தொட்டி மீனா? நலுங்குன்னா எதிர்ல நாலு மூஞ்சி வேணும்டா" என்றாள். என் மூஞ்சி ஒன்று போதும் என்று எனக்கு உள்ளூர மகிழ்ச்சி.

ஸ்டுடியோக்காரர் கேள்வியே கேட்கவில்லை. "ஐநூத்திப் பன்னெண்டு இல்லாம ரெக்கார்டிங் பக்கமே போகக் கூடாது தம்பி" என்றார்.

"உங்ககிட்ட எம்புட்டுண்ணே இருக்கு?"

"நம்ம மிஷின்ல அறுபத்திநாலு."

அறுபத்து நாலை வைத்துக்கொண்டு எட்டு வருடமாகத் தொழில் நடத்துகிறவர் ஐநூற்றுப் பன்னிரண்டு வேண்டும் என்கிறார் என்றால், எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பார் என்று நினைத்து மனம் இளகித் திரும்பி வந்தேன். இன்று நினைத்தால், அவர் அந்த அறுபத்து நாலில் ஆட்டோ ஆட்டோவாகப் பதிவு செய்து அனுப்பிக்கொண்டிருந்தார் என்பதுதான் அங்கே கவனிக்க வேண்டிய விஷயம்.

அதற்குப் பிறகு ஆராய்ச்சி தொடங்கியது. என் மதர்போர்டில் ரேம் சொருக இரண்டு வகை இடம் இருந்தது. பழைய வகைக்கு இரண்டு, புது வகைக்கு இரண்டு. ஆனால் இரண்டு வகையையும் ஒன்றாகப் போடக் கூடாது, சண்டை போட்ட சம்பந்திகளை ஒரே பந்தியில் உட்கார வைக்காததைப் போல. பழைய வகையில் இன்னொரு நூற்று இருபத்தெட்டு சேர்ப்பதா, அல்லது பழையதைக் கழற்றிவிட்டுப் புது வகைக்கே போவதா? அலுவலகத்தில் ஒரு முழு வெள்ளைத் தாளில் கோடு போட்டு அட்டவணை தயாரித்தேன். வேகம், அளவு, வகை, சாதகம், பாதகம். என் மேலதிகாரி எட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ முக்கியமான கோப்பு என்று நினைத்து மரியாதையாக நகர்ந்தார்.

இதற்கிடையில் திரைக்குப் படம் அனுப்பும் பகுதி என் ரேமிலிருந்து முப்பத்திரண்டு எம்.பி.யைத் தனக்கென்று எடுத்துக்கொள்கிறது என்று கண்டுபிடித்தேன். வீட்டுக்குள் ஒருவன் வாடகை தராமல் குடியிருப்பது தெரிந்தால் எப்படி இருக்கும்? அன்று ராத்திரிச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

நவராத்திரி வந்துவிட்டது. தல்லாகுளத்தில் கொலு வைத்த வீடுகளிலெல்லாம் அக்காவை அழைத்தார்கள். தினம் சாயங்காலம் இரண்டு வீடு, மூன்று வீடு. இந்தக் குரல் அடுத்த வருடம் இருக்குமோ இருக்காதோ என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை, பாடினாள். என்னையும் வரச் சொன்னாள். வெளி இடத்தில் சத்தம் அதிகம், பதிவுக்கு உதவாது என்று சொல்லிவிட்டேன். வீடு திரும்பும் வழியில் எனக்குச் சுண்டல் கொண்டுவந்து கொடுப்பாள். ஒன்பது நாள் சுண்டலை அட்டவணையைப் பார்த்துக்கொண்டே தின்றேன்.

சுண்டலைக் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்காருவாள். "ம், இன்னிக்கு எப்பிடி?" என்பாள். கடைசியில் பழைய வகையிலேயே இன்னொரு நூற்று இருபத்தெட்டு வாங்கியிருந்தேன். மொத்தம் இருநூற்று ஐம்பத்தாறு. அக்கா எழுமலைக்காரர்களுக்குக் கட்டிய முதல் பாட்டை எடுத்தாள். டிக். "நிறுத்துக்கா." ஒரு துண்டு வேகம் குறைந்தது, இன்னொன்று வேகம் கூடியது, ஜோடி சேரவில்லை என்று முடிவு செய்தேன். ஒன்றை மட்டும் போட்டேன். டிக். "நிறுத்துக்கா." இடத்தை மாற்றிச் சொருகினேன். "நிறுத்துக்கா." ஒவ்வொரு சோதனையையும் நான் அரசாங்க ஊழியனுக்குரிய ஒழுங்கோடு பெயர் வைத்துச் சேமித்தேன்: அக்கா-128-முதல், அக்கா-256-ஜோடி, அக்கா-128-இடம்-மாற்றம். கோப்பு வளர்வதைப் பார்க்கையில் வேலை நடப்பது போலவே இருந்தது.

ஆயுத பூஜைக்கு மச்சான், அக்கா எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வருவது வழக்கம். மூத்தவர் என்ற முறையில் பூஜை மச்சானுடையது. சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் அவர் கையில் கொடுத்துவிட்டால், வாசல் கதவிலிருந்து தொடங்கி சைக்கிள் பம்பு, அரிவாள்மனை, மிக்ஸி, தையல் மிஷின், அவருடைய சீல் பெட்டி வரை எதையும் விடமாட்டார். அன்று காலையில் நான் ரேம் துண்டுகள் இரண்டையும் கழற்றி, தூசி படாமல் இருக்கட்டும் என்று ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். அதுதான் நான் செய்த தப்பு. ஆயுத பூஜை அன்று தட்டில் வைத்திருக்கும் எதுவும் பூஜைக்கு வந்ததுதான்.

நான் ஈரத் தலையோடு வந்தபோது தட்டு சாமி படத்தின் முன்னால் இருந்தது. மச்சான் திருப்தியோடு நின்றார்.

"பாத்தியா மாப்ள, ஒவ்வொரு கருப்புக் கட்டத்துக்கும் ஒரு பொட்டு. ஒண்ணுகூட விடல. கீழ வரிசையா தங்கமா இருக்குல்ல, அதுல லட்சுமி இருப்பா. அதுக்குத் தனியா சந்தனப் பட்டை போட்டுட்டேன்."

அந்தத் தங்க வரிசைதான் கம்ப்யூட்டரோடு தொடும் இடம். அங்கே ஒரு மயிரிழை தூசிகூட இருக்கக் கூடாது. அதன் மேல் கட்டியாகச் சந்தனம், அதற்கு மேல் குங்குமம், அதற்கும் மேல் ஒரு செவ்வந்தி இதழ். நான் கையை நீட்டினேன். மச்சான் தடுத்தார்.

"தொடாத! பூஜையில வச்சத இன்னிக்கு எடுக்கக் கூடாது. நாளைக்கு விஜயதசமி பூஜ முடிஞ்சு எடுத்துக்க."

"மச்சான், அது ரேமு."

"என்னவா வேணாலும் இருக்கட்டும். ஆயுதம்தானே?"

வக்கீல் குமாஸ்தாவிடம் வாதாடி ஜெயிக்க முடியாது. ஆகவே அன்று முழுக்க என் கம்ப்யூட்டருக்கு விடுமுறை. அக்காவுக்கும் பள்ளிக்கூடம் விடுமுறை. அவள் என் வீட்டு அடுப்படியிலேயே இருந்தாள். பருப்பு அரைத்துக்கொண்டே, பூரணம் கிண்டிக்கொண்டே, காலையிலிருந்து சாயங்காலம் வரை பாடினாள். எழுமலைக்காரர்களுக்குக் கட்டிய நாலு பாட்டையும் முழுதாக, நடுவில் யாரும் நிறுத்தாமல், என் மனைவியை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு பாடினாள். என் மனைவி சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். நான் முன்னறையில் உட்கார்ந்து சந்தனம் காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பூஜை முடிந்து, ஈரத் துணியால் துடைத்து, காய வைத்து, சொருகிப் பார்த்தால் கம்ப்யூட்டர் "பீப் பீப் பீப்" என்று அலறியது. கடைக்காரரிடம் ஓடினேன். அவர் துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். "மணக்குதுண்ணே" என்றார். பிறகு மேசையிலிருந்து பென்சில் அழிக்கும் ரப்பர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "இத வச்சுத் தங்கத்த மெதுவாத் தேயுங்க. சரியாப் போயிரும். அப்பவே சொன்னேன், மிஷினக் கொண்டாங்கன்னு." கடைசி வாக்கியம் என் காதில் விழாத மாதிரி படி இறங்கினேன். ரப்பரால் தேய்த்தேன், கம்ப்யூட்டர் எழுந்தது. டிக்கும் கூடவே எழுந்தது. அந்தக் கோப்பின் பெயர் அக்கா-256-ரப்பருக்குப்-பின்.

இனி அரைகுறை வேலை உதவாது, ஸ்டுடியோக்காரர் சொன்னதுதான் சரி என்று புது வகையில் ஐநூற்றுப் பன்னிரண்டு வாங்க முடிவு செய்தேன். கடைக்காரரிடம் இல்லை, சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை வரும் என்றார். ஆபரேஷன் புதன்கிழமை. செவ்வாய் முழுதும் உட்கார்ந்து நாலு பாட்டையும் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அலுவலகத்தில் விடுப்பும் எழுதிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் அக்கா வந்தாள். கழுத்துக் கட்டி வெளியில் தெரிய ஆரம்பித்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "டிக்கு வந்தா வந்துட்டுப் போகுதுடா. ஒரு தடவ முழுசாப் பாடிறவா?"

"நாளைக்குப் புது ரேம் வருதுக்கா. ஒரே ஒரு நாள் பொறு. சுத்தமா எடுத்துருவோம்."

"சரிடா" என்று எழுந்தாள். அப்போதும் அவள் முகத்தில் என் மேல் சந்தேகம் எதுவும் இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை தாங்க முடியவில்லை.

புதன்கிழமை ஆபரேஷன் என்றால் செவ்வாய்க்கிழமை காலையிலேயே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவார்கள் என்பது உலகத்தில் எல்லோருக்கும் தெரியும். ரேமின் வேகத்தைக் கடைசி எண் வரை தெரிந்துவைத்திருந்த எனக்குத் தெரியவில்லை. காலை ஏழு மணிக்கு மச்சான் ஆட்டோவோடு வந்து வாசலில் நின்றார். அக்கா ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருந்தாள். "போயிட்டு வாரேன்டா" என்றாள். பதினோரு மணிக்கு ஐநூற்றுப் பன்னிரண்டு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்னால் அதைச் சொருகி, மைக்கில் நானே ஒன்று இரண்டு மூன்று என்று சொல்லிப் பார்த்தேன். மூன்றில் டிக் வந்தது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, ஒரு ஜி.பி. வாங்கியிருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. கட்டியில் கெடுதல் ஏதும் இல்லை என்றார்கள். அக்கா பிழைத்தாள், நல்லபடியாக இருக்கிறாள். பேசுகிறாள். ஆனால் காற்று கலந்த, கீழ் ஸ்தாயியில் ஒரு குரல், பக்கத்தில் போய்க் கேட்க வேண்டும். மேலே ஏறினால் வெறும் காற்று மட்டும் வரும். மூன்று மாதத்தில் திரும்பும் என்றார் டாக்டர், பிறகு ஆறு மாதம் என்றார், பிறகு அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். வகுப்பில் அவள் மேசையில் ஸ்கேலைத் தட்டி வாய்ப்பாட்டைப் பிள்ளைகளையே சொல்ல வைத்தாள்.

தை மாதத்தில் கல்யாணம். நலுங்கு நேரத்தில் எழுமலைக்காரப் பெண்கள் நான்கு பேர் வரிசையாக உட்கார்ந்து எங்கள் பெண்ணைக் கேலி செய்து பாடினார்கள். நல்ல பாட்டு. பாடி முடித்து எங்கள் பக்கம் பார்த்தார்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் பழக்கத்தில் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா தாம்பாளத்தை எடுத்தாள், தாளம் போட்டாள். நன்றாகவே போட்டாள். பாட்டு வரவில்லை. தட்டுச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் யாரோ சமாளிப்பதற்காக ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டைப் போடச் சொன்னார்கள். நான் பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது. கூட்டுப் பொரியல் கேட்டவருக்குச் சாம்பாரை ஊற்றினேன்.

ஆறேழு வருடம் கழித்து அந்தக் கம்ப்யூட்டர் முழுதாக நின்றது. புதிது வாங்கப் போனபோது, பழைய ஹார்ட் டிஸ்கில் உள்ளதைச் சிடியில் போட்டுத் தரும்படி அதே கடைக்காரரிடம் கொடுத்தேன். சாயங்காலம் போனேன். அவர் ஸ்பீக்கரில் ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். மாடிப்படியிலேயே நின்றுவிட்டேன். அக்கா.

"என்னா கொரலுண்ணே!" என்றார் கடைக்காரர். "நாப்பத்திமூணு ஃபைல் இருக்கு. எல்லாத்தையும் கேட்டுட்டேன்."

"டிக்கு இருக்குமே."

"எங்க? ஒண்ணுலயும் இல்லையே. இந்தா, கேளுங்க."

அவர் ஒவ்வொன்றாகப் போட்டார். தாம்பாளத்தின் கிண் என்ற ஒலி, அவள் மூச்சு, வளையல் உரசுவது, எல்லாம் நீரில் கழுவியது போல இருந்தது. முதல் நாள் பதிவு செய்தது, நூற்று இருபத்தெட்டில் எடுத்தது, அதுவும் அப்படியே. "பதிவாகுறது ஒரு வழிண்ணே, காதுக்கு வாரது வேற வழி. உங்க மிஷின்ல காதுக்கு வார வழியிலதான் கோளாறு. அதான் போட்டுக் கேட்டப்பவும் டிக்குன்னிருக்கு. செட்டிங்ல ஒரு நம்பர மாத்தியிருந்தா போயிருக்கும். உள்ள விழுந்தது எல்லாம் சுத்தமாத்தான் விழுந்திருக்கு" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "எல்லாத்துலயும் ரெண்டாவது வரி, மூணாவது வரியில நீங்கதான் நடுவுல வாரீங்க" என்றார்.

சிடியை அக்காவிடம் கொடுக்காமலே வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்து, கடைக்காரர் சொன்னதையும் ஒளிக்காமல் சொன்னேன். மச்சான் பிளேயரில் போட்டார். அக்கா கால் நீட்டித் தரையில் உட்கார்ந்து கேட்டாள். எழுமலைக்காரர்களுக்குக் கட்டிய பாட்டு எடுப்பாக ஆரம்பிக்கும், மாப்பிள்ளை வீட்டார் வாசலுக்கு வருவார்கள், கேலி வரப்போகும் இடத்தில் என் குரல் வரும்: "நிறுத்துக்கா." அடுத்தது. "நிறுத்துக்கா." நாற்பத்து மூன்றையும் கேட்டாள். ஒன்றைக்கூடத் தள்ளிவிட விடவில்லை.

முடிந்ததும் மச்சான் பிளேயரை அணைத்தார். கேலியாக ஏதாவது சொல்லுவாள், அத்தோடு தப்பித்துவிடலாம் என்று காத்திருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அந்தக் காற்றுக் குரலில் சொன்னதைக் கேட்க நான் குனிய வேண்டியிருந்தது.

"யாரு சொல்லியும் நான் நிறுத்துனதில்லடா. நீ சொன்னதுக்குத்தான் நிறுத்துனேன், உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."